கடல், ஆமாங்க

காலை பத்து இருபதுக்கு பஸ் எல்லைச் சாவடியில் நின்றது. நான் முதலில் பார்த்தது சோதனைக்காரர் கையில் தொங்கிய எங்கள் துணிப்பையை. அதன் அடி நனைந்திருந்தது. ஃபார்மலின் நெடி தாங்காமல் முன் சீட்டுக்காரர் காட்டிக்கொடுத்திருந்தார்.

எழுபதுகளின் கடைசி. நானும் என் தோழனும் எல்லைக்கு மலையாளப் பக்கம் இருக்கும் நல்லேப்பிள்ளியில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள். கோயமுத்தூரில் விலங்கியல் இறுதியாண்டு படித்தோம். செய்முறைத் தேர்வுக்குத் தன் கையால் சேகரித்த கடல் உயிரி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். அதற்காக இரண்டு நாள் கடற்கரையில் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்குத் தேர்வு மறுநாள். அவனுக்கு அன்றே, இரண்டு மணிக்கு. போன முறை தவறியிருந்தான். இந்த முறையும் தவறினால் படித்தது போதும் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார்.

சோதனைக்காரர் மலையாளக்காரர், தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் பழகாதவர். என் தோழனின் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே முள் உதிர்ந்த கடல் முள்ளெலி, உருண்டையாக, ஓடு முழுக்கப் புள்ளிகளோடு.

"இது எவிடெந்நா?"

"கடலுங்க," என்றான் தோழன்.

"கடலோ?"

"கடல், ஆமாங்க."

"கடலாம," என்று அவர் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஒண்ணோ?"

"ஆமாங்க, ஒண்ணுதானுங்க."

மலையாளத்தில் ஆம என்றால் ஆமை. கடலாமையைத் தொட்டால் குற்றம் என்ற சட்டம் அப்போது புதிது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதி வகுப்பில் கைதட்டு வாங்கியவன் என் தோழன்தான். எனக்கு விஷயம் புரிந்தபோது பதிவேட்டில் மை காய்ந்திருந்தது.

"சார், ஆமைக்குத் தலை இருக்குமுங்க, காலு இருக்குமுங்க. இதுல எங்கீங்க?" என்றான் அவன்.

"முறிச்சு களஞ்ஞதாவும்," என்றார். வெட்டி எறிந்திருப்பீர்கள் என்று பொருள்.

பாடப்புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினோம். படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பதிவேட்டில் அடித்துத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம். வனத்துறை ஆள் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும்; அதுவரை பை சாவடியில்தான்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, ஆமைய ஏத்துனா பஸ்ஸும் ஆமையாத்தானுங்க போகும். நீங்க எறங்கிக்குங்க." பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். பஸ் போய்விட்டது.

பையில்லாமல் அவன் மட்டும் போய்ப் பயனில்லை. உயிரி இல்லாதவனைத் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். என் சிப்பி பாட்டிலும் அதே பையில்தான் இருந்தது. சாவடிச் சுவரோரம் உட்கார்ந்தோம். முந்தின நாள் கடற்கரையில் நிஜமான ஆமை ஒன்றை மல்லாத்திப் போட்டு, நான்கு பேர் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குறிப்பேட்டில் அதன் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டதோடு சரி.

"அப்பவே கேட்டிருக்கோணும்டா," என்றான்.

"யார்கிட்ட?"

ஐஸ் உருகி ஒழுக மீன் லாரிகள் நிற்காமல் போயின. மூன்று வருடம் படித்த பாடத்தில் இந்தச் சாவடி எந்த அத்தியாயத்திலும் வரவில்லை.

வனத்துறை ஆள் மூன்று நாற்பதுக்கு சைக்கிளில் வந்தார். பாட்டிலை ஒருமுறை சுழற்றினார். "இது ஆமயல்லல்லோ," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பையைக் கொடுக்கும்போது சோதனைக்காரர், "எல்லாம் உண்டல்லோ?" என்று கேட்டார். என் தோழன் தலையை மட்டும் அசைத்தான்.

அடுத்த நடவின்போது அவன் அப்பாவின் வயலில் இருந்தான்.