முத்துமாலையின் ஏர்ஹாரன்

முத்துமாலையின் லாரியில் குறை கண்டுபிடிக்காத பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னும் பிறக்கவில்லை. களக்காட்டில் ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினால் வழியில் எங்கேயாவது ஒரு கை நீளும். ஒருவருக்குப் பின்பக்க ஸ்டிக்கர் மங்கல். இன்னொருவருக்கு முதலுதவிப் பெட்டியில் பஞ்சு பழசு. காக்கிச் சட்டையில் மேல்பொத்தான் போடவில்லை என்றுகூட ஒருமுறை எழுதினார்கள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். குற்றம் பார்த்தால் லாரியும் இல்லை என்பது முத்துமாலை சேர்த்துக்கொண்டது.

அந்தக் காலத்திலும் பிடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் பிடித்தவருக்கு ஒரு முகம் இருந்தது. கெஞ்சலாம், மல்லுக்கு நிற்கலாம். அவரும் ஆசை தீர வைதுவிட்டு, "போய்த் தொலையும் வே, அடுத்த தடவ லைட்டு எரியணும்" என்பார். இப்போது கம்பத்தில் இருக்கிற கேமரா படம் எடுக்கிறது. அபராதம் முதலாளி குமரகுருபரன் அண்ணாச்சியின் போனுக்குப் போகிறது. அண்ணாச்சி முத்துமாலையை வைகிறார். முத்துமாலை யாரை வைவது? கம்பத்தையா?

இத்தனையும் பொறுத்துக்கொண்ட மனிதர் பயந்தது ஒன்றுக்காகத்தான். வண்டியின் நெற்றியில் இருந்த மூன்று குழல் ஏர்ஹாரன்.

கல்யாணமான புதிதில் நாமக்கல்லில் வாங்கியது அது. முதலாளி வண்டியை மாற்றும்போதெல்லாம் முத்துமாலை ஹாரனைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டிவிடுவார். காரணம், மனைவி செல்லக்கனி. அவளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஓட்டல் சோறு தின்னு நாக்கு செத்துப்போச்சு. வீட்டுக்கு வந்தா சுடுசோறு வேணும் பிள்ளே, அவ்வளவுதான்." எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சேரன்மகாதேவிக்குள் நுழையுமுன் கன்னடியன் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை மெதுவாக்கி ஹாரனை அழுத்துவார். பாம்... பபாம்... பாம்! அரிசியைக் களைந்து வைத்திருக்கிற செல்லக்கனி அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் வண்டியை ஷெட்டில் விட்டு, கால்வாயில் ஒரு முங்கு போட்டு வீடு வந்து சேர்கையில் சோறு வடித்திருக்கும்.

மகன் பிறந்த சேதி கேட்டு மதுரையிலிருந்து திரும்பிய நாளில் முந்தின ஊரான பத்தமடையிலேயே அழுத்த ஆரம்பித்துவிட்டார். ஊரே வைதது. அந்த வசவு அவருக்கு இன்றைக்கும் வாழ்த்தாகத்தான் காதில் கேட்கிறது. அந்த மகன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் செல்போன் வந்து எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் பாலத்து ஹாரன் நிற்கவில்லை. "போன்ல சொன்னா தகவலு. ஹாரன் கேட்டாத்தான் ஆளு வந்த மாதிரி இருக்கு" என்பாள் செல்லக்கனி.

போன ஆடியில், மதுரையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மேலப்பாளையம் தாண்டிப் புளியமரத்தடியில் மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். "ஐயா, ஏர்ஹாரனைக் கழட்டணும்."

"பைனு எவ்வளவு வேணும்னாலும் போடுங்கம்மா. அத மட்டும் விட்டுருங்க."

"போன வாரம் இந்த ரோட்டுல ஸ்கூட்டர்ல போன ஒரு பிள்ளை இந்த மாதிரி ஹாரன் சத்தத்துல மிரண்டு விழுந்துட்டா. கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கா ஐயா."

முத்துமாலை வண்டியிலிருந்து இறங்கினார். மரத்தடியில் பிடுங்கிய ஹாரன்கள் குவியலாகக் கிடந்தன. கடப்பாரையோடு ஓர் ஆள் வந்தான். "பிய்ச்சிராதப்பா, நானே கழத்துதேன்" என்று ஸ்பானரை எடுத்தார். கழற்றியதைத் துண்டால் துடைத்துக் குவியலின் ஓரமாக வைத்தார். அபராதம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பாலத்தை அவர் சத்தமில்லாமல் கடந்தார். வீட்டு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துச் செல்லக்கனி பதறிவிட்டாள். "என்ன, களவாணி மாதிரி வந்து நிக்கிய? அடுப்பே பத்த வைக்கலயே!" விஷயத்தைச் சொன்னார். அவள் உலை வைக்கப் போனாள். அவர் பசி பொறுக்கவில்லை என்று பொய் சொல்லி, காலையில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்தார். பசி எங்கே இருந்தது? தம் வீட்டுக்கே விருந்தாளியாக வந்த மாதிரி இருந்தது.

அடுத்த நடை திரும்புகையில் பாலத்தில் சாதா ஹாரனை அழுத்திப் பார்த்தார். அது கீச்சென்றது. மினிபஸ்காரனும் அதையேதான் அடிக்கிறான். அவளுக்கு எப்படித் தெரியும்? வண்டியை ஓரங்கட்டி செல்போனை எடுத்தார்.

"ஹலோ" என்றாள் செல்லக்கனி. வந்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். ஓர் எருமை மட்டும் நின்றது. நரைத்த மீசையைத் துண்டால் ஒதுக்கிக்கொண்டு, போனை வாயருகே வைத்து, மூச்சை இழுத்து விட்டார்.

"பாம்... பபாம்... பாம்!"

அந்தப் பக்கம் தீப்பெட்டி உரசுவது கேட்டது.

"அடுப்பப் பத்த வச்சாச்சு" என்றாள் செல்லக்கனி. "குளிச்சிட்டுப் பைய வாங்க."