சண்டைப்பூவுக்கு ஒரு நோட்டு

பஸ் ஸ்டாண்டு சுவரில் செங்காந்தள் படம் வரைந்து, மாநில மலர் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். நெருப்பு நிறம், மேல்நோக்கி மடங்கிய இதழ்கள். அழகுதான். ஆனால் அதைப் பார்த்தால் எனக்குச் சுண்ணாம்புத் தூள் வாசனைதான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கீரமங்கலத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்தேன். இருபத்து மூன்று வயது. ஊரிலுள்ள மூடநம்பிக்கையை எல்லாம் நானே தீர்த்துவைக்கப் போவதாக நினைப்பு. ஒரு வீட்டின் பாதியில் நான் குடியிருந்தேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில் இன்ஜின் டிரைவர் அடைக்கலமும் அவன் மனைவி வள்ளிக்கண்ணுவும். வேலியோரம் நான் செங்காந்தள் கிழங்கு ஊன்றுவதைப் பார்த்து அந்த அம்மாள் ஓடி வந்தார்.

"வேணாம் சார். சண்டப்பூ அது. பூத்தா வீட்ல அடிதடி வரும்."

"வருதான்னு பாத்துருவோம்," என்றேன்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். பூக்கும்வரை ஒரு பக்கம், பூத்தபின் ஒரு பக்கம். பக்கத்து வீட்டில் அடி விழும் நாளுக்கு ஒரு கோடு. அடைக்கலம் கை நீளுகிற ஆள் என்பது தெருவுக்கே தெரியும். குழம்பில் உப்புக் குறைந்தால் கரண்டி, எதிர்த்துப் பேசினால் விறகுக்கட்டை.

ஒரு சாயங்காலம் அடைக்கலம் வள்ளிக்கண்ணுவின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். என் பக்கத்துச் சுண்ணாம்பு உதிர்ந்து நோட்டின்மேல் விழுந்தது. "சார்... சார்..." என்று அவர் கத்தினார். நான் தூளை ஊதிவிட்டுக் கோடு போட்டேன். போய் விலக்கினால் சோதனை கெட்டுவிடும் என்று நினைத்தேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகையில் பூத்தது. மறுநாள் காலையில் அடைக்கலம் கட்டையால் அடித்து அவர் கையை ஒடித்தான். பிறகு செடியை வேரோடு பிடுங்கி என் வாசலில் எறிந்தான். தெரு கூடிவிட்டது.

"நான் என்ன சார் பண்ணுவேன்? நீங்க நட்ட பூதான் கைய நீட்ட வைக்குது."

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம். நோட்டை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் விரித்தேன்.

"பொய். பூக்கிறதுக்கு முன்னாடியே பதினொரு நாள் அடிச்சிருக்கீங்க. எழுதி வச்சிருக்கேன்."

ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஒடிந்த கையை மறுகையால் தாங்கிக்கொண்டு வள்ளிக்கண்ணு என்னைப் பார்த்தார்.

"பதினொரு நாளும் ஒங்களுக்குக் கேட்டுச்சா சார்?"

அன்று மதியமே அவருடைய அண்ணன் வந்து ஆவுடையார்கோவிலுக்குக் கூட்டிப்போய்விட்டார். வள்ளிக்கண்ணு திரும்பி வரவில்லை. நோட்டை நான் அடுப்பில் போட்டேன்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. வேலிகளில் அந்தப் பூவையும் காணோம். போன வருஷம்தான் துணிந்து ஆவுடையார்கோவிலில் விசாரித்தேன். பதினொரு நாளும் கேட்டது அம்மா, நன்றாகவே கேட்டது என்று சொல்வதற்கு அவரும் உயிரோடு இல்லை.