முசிறி வீரய்யாவின் நோட்டீஸ்

இலங்கை மலையகத்தின் கொட்டகலை பஜாரில் வாசிகசாலையைக் கவனித்து வந்த சூசைரட்ணத்துக்கு ஊரார் வைத்த பெயர் காயிதப் பொறுக்கி. அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறுவார். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, "அச்சடிச்ச காயிதம் எதாச்சும் கெடக்கா?" என்று கேட்பார். கலியாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கருமாதிக் கடுதாசி, எதுவானாலும் சரி. தோட்டத்துத் துரைமாரைப் பற்றி வாசிகசாலை அலுமாரியில் புத்தகங்கள் இருந்தன. காட்டை வெட்டித் தேயிலை நட்ட சனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஆத்திரம்தான் நாற்பத்தெட்டிலிருந்து அவரை மலையேற வைத்தது. கிடைத்ததையெல்லாம் மாப்பசை காய்ச்சி ஒரு தடித்த பதிவேட்டில் ஒட்டினார். பைத்தியம் என்று சிரித்தவர்களே பிறகு பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கள் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் வீரய்யா. வட்டவளைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். முப்பத்தெட்டாம் வருடத்து மாரியம்மன் திருவிழா நோட்டீஸை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். அதில் கமிட்டிக்காரர் வரிசையில் 'முசிறி வீரய்யா' என்று அச்சாகியிருந்தது. அந்தத் தோட்டத்தில் மூன்று வீரய்யாக்கள். அடையாளத்துக்காகப் பாட்டனின் ஊரைப் பெயருக்கு முன்னால் போட்டார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். முசிறியை அவர் கண்ணால் கண்டதில்லை.

தோட்டத்துச் சனத்துக்கு இல்லையென்று ஆக்கப்பட்ட இலங்கைப் பிரஜாவுரிமையைக் கேட்டு அவர் எழுதிப்போட்ட மனுவுக்கு ஐம்பத்தாறில்தான் விசாரணை வந்தது. உலக யுத்தத்துக்கு முன்னாலிருந்தே இங்கேதான் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். பிறப்பைப் பதிந்தவர் யாருமில்லை. தோட்டத்துப் பழைய செக்ரோல் பெயர்ப்பதிவுப் புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது.

"கைல ஒண்ணுமே இல்லீங்கய்யா," என்று வாசிகசாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார் வீரய்யா.

"யாரு சொன்னா இல்லேன்னு? ஒங்க பேரு அச்சுல இருக்கேண்ணே!" சூசைரட்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் பொறுக்கியதற்குப் பலன் கிடைத்துவிட்டதே!

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் அட்டனில் நடந்த விசாரணைக்கு பஸ் ஏறினார்கள். விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் நோட்டீஸை வாசித்துச் சொன்னார். அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், முசிறி எங்கே இருக்கிறது என்று.

"இந்தியாவுலங்க. ஆனா நான் பாத்ததே..." வீரய்யா முடிப்பதற்குள் அதிகாரி எழுத ஆரம்பித்துவிட்டார். விளக்கம் சொல்ல எழுந்த சூசைரட்ணத்தை உட்காரச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. மனுதாரர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவர் கொண்டுவந்த பத்திரமே காட்டுகிறது, மனு தள்ளுபடி. இதற்குப் பெயர் விசாரணையாம்!

சங்கதி மலையெல்லாம் பரவியது. முதலில் கொழுந்து பறிக்கும் மீனம்மா வந்தாள்.

"எங்க கலியாணப் பத்திரிகையக் குடுத்துருங்கய்யா. அதுலயும் ஊருபேரு போட்டிருக்கு."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சூசைரட்ணம் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி, கிழியாமல் உரித்துக் கொடுத்தார். எட்டு வருடம் சேர்த்தது ஒரு மழைக்காலத்துக்குள் கலைந்துபோனது. கடைசியில் பசைக்கறை மட்டும் மிஞ்சிய பக்கங்களைப் புரட்டிவிட்டு, மேசையில் தலைவைத்து அழுதார். வீரய்யாவின் நோட்டீஸ் மட்டும் அதன் பக்கத்திலேயே இருந்தது. அவர் கேட்டு வரவில்லை. பஜாரில் அவரைத் தூரத்தில் கண்டாலே சூசைரட்ணம் உள்ளே போய்விடுவார். எந்த முகத்தோடு பேசுவது?

இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று தோட்டத்துச் சனத்தைப் பங்குபோட்டு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் அறுபத்துநாலில் கையெழுத்துப் போட்ட மறு வருடம், வீரய்யா தாமாகவே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதியிருக்கேங்கய்யா. அந்தப் பக்கத்து ஆளுங்கிறதுக்கு அத்தாட்சி இருந்தா கொண்டாங்கன்னாங்க. அந்த நோட்டீசத் தாங்க."

சூசைரட்ணம் பதிவேட்டை எடுத்து வைத்து, துணியை வெந்நீரில் நனைத்தார். இங்கே இருக்கவிடாமல் செய்த காயிதத்தை அங்கே போவதற்காகவும் தம் கையாலேயே உரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உரித்ததை ஈரம் காய மேசைமேல் விரித்து வைத்தார்.

"என்னால வந்த வெனைண்ணே. நான் அதத் தூக்கிட்டு வந்திருக்கவே கூடாது."

"விடுங்கய்யா. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கப் போனவர், நின்று திரும்பினார்.

"நீங்க இம்புட்டுப் புஸ்தகம் படிச்சவரு. அந்த முசிறி எப்புடிங்கய்யா இருக்கும்? அங்க மலை இருக்குமா?"

சூசைரட்ணம் அலுமாரியைத் திறந்து பார்த்தார். துரைமாரைப் பற்றிய அந்தப் புத்தகங்களில் முசிறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.