மஞ்சள் தண்ணீரும் மஞ்சள் வயரும்

ஆயுத பூசை என்றால் எதையும் கழுவாமல் பொட்டு வைக்க எனக்கு மனசு வராது. அந்த வருஷம் அரிவாள், அம்மியோடு, மருமகள் செல்வி வீட்டு முன்னறையில் கடை போட்டு ஜாதகம் கணிக்கும் பழைய கம்ப்யூட்டரின் மானிட்டருக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டேன். மறுநாள் அது எரியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுத்தா" என்று சொல்லிவிட்டேன்.

செல்வி தேனி முழுக்க அலைந்தாள். புது மானிட்டர் வயரில் எல்லாம் பதினைந்து ஊசி. எங்கள் மெஷினில் ஒன்பதே ஓட்டை. எழுத்துத் தெரியாத நானே விரல்விட்டு எண்ணினேன்.

"கடைய மூடிரவா அத்தை?" என்று அழுதாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கம்பத்திலிருந்து டிவி மெக்கானிக் ராவுத்தர் வந்தார். மானிட்டரைத் திறந்தார், உள்ளே மஞ்சள் கறை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மின்னல்ல போயிருக்கும்மா" என்றார் செல்வியிடம். பிறகு கம்ப்யூட்டரின் முதுகைத் தடவினார். "இங்கன வட்ட ஓட்டை ஒண்ணு இருக்கே! ஆத்தா, சிடி பிளேயர் மஞ்ச வயர எடுத்தாங்க."

அதன் ஒரு முனையை அந்த ஓட்டையிலும் மறுமுனையை எங்கள் டிவியிலும் சொருகியதும் ராசிக் கட்டம் பளிச்சென்று வந்தது.

"அத்தை, பாத்தீகளா!" என்று செல்வி குதித்தாள்.

"மின்னல் இல்லத்தா. நாந்தேன் அதக் குளிப்பாட்டுனேன்" என்று சொல்லிவிட்டேன்.

ராவுத்தர் சிரித்தார். "நான் காப்பாத்துனா, நீங்களே மாட்டிக்கிட்டீகளே!"

முன்பின் தெரியாத மனிதர் எனக்காக ஒரு பொய் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் பொய்யை என்னால் வைத்திருக்க முடியவில்லை.