தோரணத்துக்குப் போன மாங்கொழுந்து

பண்டமாரானில் அண்ணன் குடியிருந்த இடத்தை லோரி நிறுத்துவதற்காக நிலத்துக்காரர் திரும்பக் கேட்டார். வீட்டோடு மாமரமும் போயிற்று. அதற்கு முன் அண்ணன் அதன் கிளை நுனி ஒன்றை ஒரு மா நாற்றில் ஒட்டி, பெயின்ட் வாளியில் வைத்து, பிரிக்பீல்ட்ஸில் என் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மாறிப்போன வீட்டில் வெயில் விழாது.

"காய்ச்சா எனக்கு ஒண்ணு குடும்மா, போதும்."

எங்கள் ஃபிளாட் நடைபாதையில் இடுப்புயரத்துக்கு மேல் செடி நிற்கக்கூடாது. எனக்கு அது பெரிய சிரமமாகவே இல்லை. தீபாவளிக்கு வீடு கழுவும் கையோடு எல்லா நுனிகளையும் நறுக்கி வாசலில் தோரணம் கட்டுவேன். பொங்கலுக்கு இன்னொரு தடவை. செடியும் குட்டையாக நின்றது, பாசாரில் மாவிலை தேடும் வேலையும் மிச்சம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் பூக்கவேயில்லை. தீபாவளிக்கு வரும் அண்ணன் தோரணத்துக்குக் கீழே நின்று செடியைத்தான் முதலில் பார்ப்பார். ஒருமுறை எரிச்சலில், "நீங்க வச்ச ஒட்டு செத்துருச்சு போலண்ணே, அடிநாத்துதான் வளருது," என்றேன்.

"இருக்கும். அன்னிக்குக் கை நடுங்கிச்சு," என்றார், தப்பு செய்தவர் மாதிரி.

போன வருஷம் காஜாங்கில் உரம் வாங்கப் போனபோது கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "நுனியிலதான்க்கா பூக்கும். பூக்கப்போற நேரத்துல வெட்டிட்டுப் பழம் கேட்டா எப்படி லா? காய் பறிச்ச உடனே வெட்டுங்க, சின்னதாவே இருக்கும்." வெட்கத்தில் உரத்தை மறந்துவிட்டு வந்தேன்.

அந்தத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிளாஸ்டிக் தோரணம். செடியில் மூன்று காய் பிடித்தது. அதற்குள் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. மாம்பழம் தொடவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பழுத்ததில் ஒன்றை எடுத்துப்போனேன். தோரணத்தைப் பற்றிச் சொல்லிவிடத்தான் போனேன். அவர் பழத்தை முகர்ந்து பார்த்து, "அப்ப ஒட்டு சாகல," என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

"நீ சாப்புடு, நான் பாக்குறேன்."

சாப்பிட்டேன். அப்படி ஒரு இனிப்பு.

"எப்படி இருக்கு?"

"புளிக்குதுண்ணே."

"நம்ம மரம் புளிக்காதே," என்று சிரித்துவிட்டு, கொட்டையைக் கேட்டு வாங்கி, கழுவாமலே மூக்கருகில் வைத்துக்கொண்டார்.