துடைத்துக் கொடுத்த செம்பருத்தி

ருக்மணி அக்கா காலமாகிவிட்டார் என்று எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னபோது, நான் வீட்டுக்குப் பின்னால் என் பப்பாளியை வெட்டி, இலைகளை எரித்துக்கொண்டிருந்தேன். மாவுப்பூச்சி சாறு உறிஞ்சித் தீர்த்த மரம். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

பீளமேட்டில் நம் தெருவில் அவர் செடி கொடுக்காத வீடு கிடையாது. நானும் அவரும் ஒரே கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் வீட்டு அடுக்குச் செம்பருத்தியை யார் கேட்டாலும், உடனே ஒரு குச்சி ஒடித்து, ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துத்தான் தருவார். "கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுங்க அம்மணி" என்பார். அந்தத் துடைப்பை அன்பு என்று நினைத்து நான் உருகியிருக்கிறேன்.

அப்படி எனக்குத் தந்த குச்சி என் வீட்டில் வேர்விட்ட பிறகுதான், பப்பாளி இலைக்கடியில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை படர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி, லேசில் போகாது என்றார்கள். அக்கா தினமும் காலையில் வந்து என்னோடு நின்று சோப்புத் தண்ணீர் அடித்தார். "இது எங்கிருந்துங்கக்கா வந்திருக்கும்?" என்று அவரிடமே கேட்டேன். "காத்துல வந்திருக்குமுங்க" என்றார், அடிப்பதை நிறுத்தாமலே.

பிறகு துக்கம் விசாரிக்கப் போனபோது, மரம் போன கதையை அவர் மகளிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமுங்க சித்தி. எங்க செம்பருத்தியிலதான் மொதல்ல வந்துச்சு. கேக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராம, தொடச்சுப்போட்டுக் குடுத்தாங்க."

துடைத்தால் கண்ணுக்குத் தெரிவது போகும். கணுவில் ஒளிந்திருப்பது போகுமா? அக்கா என்னை ஏமாற்றிவிட்டார். பக்கத்தில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டே ஏமாற்றினார். எனக்கு நெஞ்சு எரிகிறது. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுச் செம்பருத்தி இலையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். வெள்ளை தெரிந்தால் கிளையை வெட்டி எரியுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அன்று நான் கிளம்பும்போது, நம் தெருக்காரர் ஒருவர், "அக்கா நெனப்பா ஒரு குச்சி கிடைக்குமுங்களா?" என்றார். மகள் மறுபேச்சில்லாமல் எழுந்து செடியருகே போனாள்.

"வேண்டாம் கண்ணு, அதுல பூச்சி இருக்குது" என்றேன்.

கேட்டவரின் முகம் சுண்டிப்போனது. அக்கா இத்தனை நாள் பயந்தது இந்த முகத்துக்குத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்தும் மன்னிக்க மனம் வரவில்லை. அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டது, அவர் வாயில் கடைசிவரை வராத "இல்லைங்க" என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.