இடது விலாவுக்குக் கீழே ஒரு கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டாம் வருஷம். மலாயாவுல, கிள்ளான்ல இருந்து பந்திங் போற பாதையில ஒரு ரப்பர் தோட்டம். அங்க ஆஸ்பத்திரியில கட்டில் கழுவுறது, பொணம் தூக்குறது, காலையில கொயினா மருந்து ஊத்துறது, எல்லாம் அய்யாவு வேலைதான். ஆனா தோட்டமே பேசுனது அவன் கையைப் பத்தி. ஒரே குத்துல காளையை மண்டி போட வச்ச கை! கூலிங்க குடியிருக்குற லயத்துல அடிதடின்னா அந்தக் கைதான் முதல்ல போய் நிக்கும். அது போட்ட சண்டை நூறு இருக்கும். ஒண்ணை மட்டும் சொல்லாம விட முடியாது.

விடிகாலையில பெரட்டுக் களத்துல ஆள் கணக்கு எடுப்பாங்க. வரிசையா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் அய்யாவு ஒரு கிளாஸ் கொயினா தண்ணி குடுப்பான். மலேரியாக் காய்ச்சலுக்கு. என்னா கசப்பு! பாதிப் பேரு வாயிலயே வச்சிருந்து மரத்தடியில துப்பிடுவானுங்க. அதனால குடிச்சதும் பேரைச் சத்தமா சொல்லணும். மருந்தை வாயில வச்சுக்கிட்டு எவன் பேர் சொல்றது?

அன்னிக்கு வந்தது அவன் தம்பி நாகையா. இருபது வயசு, குச்சி மாதிரி கையும் காலும், வயிறு மட்டும் பானை. குடிச்சான். பேரைக் கேட்டா, "ம்ம்ம்... ம்ம்ம்"ங்குறான். வரிசையே சிரிச்சுச்சு.

"கங்காணியாரே, என் தம்பிக்குப் பேர் மறந்து போச்சாம்! கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க!"ன்னான் அய்யாவு.

கங்காணி சின்னையா வந்தான். "கள்ளு மட்டும் எறங்குதோ? வயித்தைப் பாரு, பீப்பா!" இடது விலாவுக்குக் கீழ ஒரு உதை. பெரிய உதைகூட இல்ல. நாகையா மருந்தைக் கக்கிட்டு உக்காந்தான். உக்காந்தவன் சிரிச்சான்.

"நாகையா! நாகையா! போதுமா அண்ணே?"

ஆனா எந்திரிக்கல. மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துச்சு.

"அண்ணே, இடது தோள் வலிக்குதுண்ணே."

"உதை வாங்குனது வயித்துல, வலி தோள்லயா? நடிக்காதடா!"

பத்து மணிக்குள்ள செத்துட்டான்.

ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்குற டிரஸ்ஸர் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர், நாகையா வயித்தைக் கிழிச்சுப் பாத்தார். உள்ள முழுக்க ரத்தம். மண்ணீரல் பழுத்து விழுந்த பழம் மாதிரி பொளந்து கெடந்துச்சு. தம்பி ரத்தம் ஒரு சொட்டு கண்ணாடியில தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல வச்சார்.

"இஞ்ச வா அய்யாவு. கண்ணை வைச்சுப் பார். உருண்டையா, உள்ளுக்குக் கறுப்புப் பொட்டு நிறைஞ்சு, தெரியுதோ? வெள்ளை அணு. காய்ச்சல் கிருமியைத் திண்டு திண்டு கறுத்துப் போச்சு. மண்ணீரலுக்குள்ள இப்பிடிக் கோடிக் கணக்கில நிண்டு சண்டை பிடிக்குதுகள். அதால தான் அது வீங்கிறது. வீங்கினா, வெடிக்க ஒரு சின்ன உதை காணும். உள்ளுக்கு ரத்தம் கசிஞ்சா இடது தோள் தான் நோகும்."

"அப்ப அது கள்ளு வயிறு இல்லையா? என் தம்பி உள்ளுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டு இருந்தானா, ஐயா?"

"ஓம். மாசக் கணக்கா."

அய்யாவு வெளிய நடந்தான். அடுத்த நிமிஷம் ஓடுனான்!

சின்னையா வீட்டுக் கதவு ஒரே உதையில பேந்து விழுந்துச்சு. அவன் போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டு கெடந்தான். அவனுக்கும் காய்ச்சல். தலைமுடியைப் பிடிச்சு வெயில்ல இழுத்துப் போட்டு, பக்கத்துல மண்டி போட்டு, இடது கையால வயித்தை அழுத்துனான் அய்யாவு. கையில கல்லு மாதிரி தட்டுப்பட்டுச்சு. விலாவுல இருந்து தொப்புள் வரைக்கும். நாகையாவை விடப் பெருசு!

ஒரு குத்து போதும். இங்க, இந்த எடத்துல. காய்ச்சல்ல செத்தான்னு எழுதிடுவாங்க. வலது கை மேல போயிடுச்சு.

"வேணாம்டா அய்யாவு! வெளையாட்டுக்குத்தான்டா உதைச்சேன்!"

"நானும் வெளையாட்டுக்குத்தான் கங்காணியாரே சொன்னேன்!"

கை எறங்குச்சு. மூஞ்சியில. மூக்கு நொறுங்குச்சு. அடுத்த குத்துல பல்லு ரெண்டு மண்ணுல தெறிச்சுச்சு. அடுத்தது, அடுத்தது. தாடை கோணிக்கிச்சு, கண்ணு மூடிக்கிச்சு, அய்யாவு முட்டி தோல் உரிஞ்சு எலும்பு தெரிஞ்சுச்சு. சின்னையா துள்ளத் துள்ள, அவன் முழங்கால் எகிற எகிற, அந்த இடது கை மட்டும் நகரல. விரலை விரிச்சு, அந்த வீக்கத்து மேல அடி படாம மூடியா கவுந்து கெடந்துச்சு. சின்னையா முழங்கால் ரெண்டு தடவை இடிச்சதும் அந்தக் கையிலதான். ஒரு விரல் ஒடிஞ்சுச்சு. எடுக்கல!

அப்புறம் அவனைத் தூக்குனான். தோள்ல போட்டா வயிறு அமுங்கும்னு, ரெண்டு கையிலயும் புள்ளைய ஏந்துற மாதிரி ஏந்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தான். டிரஸ்ஸர் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டார்.

அய்யாவு கிளாஸை எடுத்து, கிழிஞ்ச உதட்டுக்கு நடுவுல கொயினா ஊத்துனான்.

"பேரைச் சொல்லுங்க, கங்காணியாரே."

ரத்தமும் எச்சிலும் வழிய வந்துச்சு, "சி... சின்னையா."

மருந்து எறங்கிடுச்சு. அய்யாவு கிளாஸைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, தம்பியைத் தூக்கப் போனான்.